லவுஞ்சுக்குள் யாரை விடுவது? இடத்தைப் பங்கு போட ஒரு முழுமையான வழிகாட்டி

குன்னூர் பெட்போர்டில் ஒரு வர்க்கிக் கடையின் மாடியில் சனிக்கிழமை மதியம் பத்துப் பன்னிரண்டு பேருக்கு வகுப்பு எடுக்கிறேன். கேத்தி, அரவேனு, வெலிங்டன், ஊட்டி என்று சுற்றுவட்டாரப் பிள்ளைகள். ஓட்டல் மேனேஜ்மென்ட் முடித்துவிட்டு விமான நிலைய வேலைக்குப் போகிறவர்கள். லவுஞ்ச் என்பது விமான நிலையத்தில் உரிமை உள்ள பயணிகள் மட்டும் உட்கார்ந்து, சாப்பிட்டு, விமானத்துக்குக் காத்திருக்கும் அறை. நான் ஒரு விமான நிறுவனத்தின் லவுஞ்ச் வாசலில் சில வருடமும், அப்புறம் உள்ளே யாரை விடுவது என்று பட்டியல் போடும் மேசையில் பல வருடமும் இருந்தவள். அந்தப் பட்டியலை எப்படிப் போடுவது என்பதுதான் இங்கே.

முதல் நாள் ஒரே ஒரு கேள்வி கொடுப்பேன். சனிக்கிழமை மாலை, 100 நாற்காலி, இருநூற்றுச் சொச்சம் பேர் வரப்போகிறார்கள், எல்லோர் கையிலும் ஏதோ ஒரு உரிமை இருக்கிறது, யாரை விடுவீர்கள்? பேனாவை எடுத்ததும் முதல் வகுப்பு, பிசினஸ், கோல்டு, சில்வர் என்று மேலிருந்து கீழாக எழுத ஆரம்பித்துவிடுவார்கள். (கோல்டும் சில்வரும் அடிக்கடி பறப்பவர்களுக்கு விமான நிறுவனம் கொடுக்கும் உறுப்பினர் படிகள்.) அந்த வரிசை ஐந்தாவது படியில்தான் வரவேண்டும். அதற்கு முன் நான்கு வேலை இருக்கிறது. அவற்றைத் தாண்டிக் குதித்தவர்கள் எல்லோரும் ஐந்தாவது படியிலிருந்து திரும்பி வந்ததைப் பார்த்துவிட்டேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு வாரத்துப் புறப்பாட்டு அட்டவணை, ஒவ்வொரு விமானத்திலும் பிசினஸ் இருக்கை எத்தனை என்ற விவரத்தோடு. கடந்த 3 மாத நுழைவுப் பதிவு: போர்டிங் பாஸை ஸ்கேன் செய்த நேரம், எந்த உரிமையில் உள்ளே வந்தார் என்பது. எல்லா ஒப்பந்தங்களும்: விமானக் கூட்டணி (ஒருவர் உறுப்பினருக்கு மற்றவரும் சலுகை தருவதாகச் சேர்ந்துகொண்ட விமான நிறுவனங்கள்), பங்காளி நிறுவனங்கள், வங்கிகள், தலைக்கு எவ்வளவு வருகிறது, விலகுவதானால் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பது வரை. கடைசியாக அறையின் வரைபடம். அதில் நாற்காலியோடு கழிப்பறையையும் சாப்பாட்டு கவுன்டரையும் எண்ணிக் குறிக்க வேண்டும். சில அறைகளில் நாற்காலி காலியாக இருக்கும்போதே கழிப்பறை வாசலில் வரிசை நிற்கும். அங்கே கொள்ளளவு என்பது கழிப்பறைதான்.

பதிவில் ஒரு ஓட்டை இருக்கும். உள்ளே வந்த நேரம் தெரியும், வெளியே போன நேரம் தெரியாது. போகும்போது யாரும் ஸ்கேன் செய்வதில்லை. விமானம் கிளம்புவதற்கு 40 நிமிடம் முன்பு வெளியேறியதாக வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை, பட்டியல் போட இது போதும்.

இன்னொன்று, கார்டு விற்கும் பிரிவின் ஆளும் வாசலைப் பார்த்துக்கொள்ளும் பிரிவின் ஆளும் ஒரே மேசையில் உட்காரவேண்டும். ஒருவர் உரிமையை விற்றுக்கொண்டே போக, இன்னொருவர் வாசலில் திட்டு வாங்கிக்கொண்டே இருப்பதுதான் பல இடங்களில் நடக்கிறது. இரண்டு பேரும் கையெழுத்துப் போடாத பட்டியல் ஒரு வாரம் தாங்காது.

1. மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிடுங்கள்

100 நாற்காலி என்றால் 100 பேர் என்று எழுதுவதுதான் முதல் தப்பு. நான்கு பேர் மேசையில் தனியாள் ஒருவர் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் பையை வைத்து, எதிர் நாற்காலியில் கோட்டை மாட்டியிருப்பார். அவரை எழுப்ப முடியாது. என் அனுபவத்தில் 100-ல் 80 நிறைந்தாலே, வருகிறவர் கண்ணுக்கு அறை நிறைந்துவிட்டது. அதனால் 80-ஐ வைத்தே கணக்கைப் போடுங்கள்.

அப்புறம் நேரம். ஒருவர் ஒரு காபி குடித்துவிட்டு 20 நிமிடத்தில் ஓடிவிடுவார். இன்னொருவர் செருப்பைக் கழற்றிவிட்டு 3 மணி நேரம் படுத்திருப்பார். இருவரையும் ‘ஒரு ஆள்’ என்று எண்ணினால் கணக்கு எங்கேயும் ஒட்டாது. ஒரு நாற்காலியை ஒருவர் ஒரு மணி நேரம் பிடித்திருந்தால் அதை ஒரு ‘நாற்காலி-மணி’ என்று வைத்துக்கொள்வோம். மாலை 6 முதல் 9 வரை 80 நாற்காலி என்றால் 240 நாற்காலி-மணி. நீங்கள் பங்கு போடப்போகும் சொத்து அவ்வளவுதான்.

வகுப்பில் கொடுக்கும் கணக்கை இங்கேயும் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் பயிற்சிக்காக நானே வைத்தவை. பிசினஸ் டிக்கெட்காரர்கள் 60 பேர், ஆளுக்கு ஒன்றரை மணி நேரம்: 90. எகானமியில் போகும் கோல்டு உறுப்பினர்கள் 50 பேர், அதே ஒன்றரை மணி: 75. இவர்கள் கூட்டிக்கொண்டு வருபவர்கள் 30 பேர்: 45. ஆகக்கூடி 210. மிச்சம் 30. வங்கிக் கார்டோடு வருகிறவர்கள் 70 பேர், ஆளுக்கு ஒரு மணி நேரம். 30 பேருக்கு இடம் உண்டு, 40 பேருக்கு இல்லை.

அந்த 40 பேர் யார் என்று சனிக்கிழமை மாலை வாசலில் நிற்கும் பெண் முடிவு செய்யக்கூடாது. நீங்கள் இப்போது, இந்தத் தாளில் முடிவு செய்யவேண்டும். மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலுக்கு எத்தனை பேர் கெஞ்சினாலும் இன்னொரு பெட்டி சேர்க்கமாட்டார்கள். பல்சக்கரப் பாதையில் பின்னாலிருந்து தள்ளும் எஞ்சினுக்கு இவ்வளவு பாரம்தான் என்று கணக்கு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டுதான் டிக்கெட்டே விற்கிறார்கள். லவுஞ்சில் மட்டும் ஏனோ டிக்கெட்டை விற்றுவிட்டு எஞ்சினைத் தேடுகிறோம்.

ஒரு எச்சரிக்கை. 3 மணி நேரத்துக்கு மொத்தமாக 240 என்று போட்டது புரிவதற்காக. ஏழே கால் மணிக்குக் கூட்டம் பிதுங்கி, எட்டே முக்காலுக்கு அறை காலியாக இருந்தாலும் மொத்தக் கணக்கு சரியாகவே வரும். அரை மணி அரை மணியாகப் பிரித்துப் பார்க்கும் வேலை ஏழாவது படியில்.

2. வருகிறவர்களை, அவர்களுக்குக் கொடுத்த வாக்கை வைத்துப் பிரியுங்கள்

கார்டின் நிறத்தை மறந்துவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் யார், எப்போது, என்ன சொல்லி விற்றார்கள் என்று பாருங்கள்.

முதலில், இந்த டிக்கெட்டோடு சேர்த்தே விற்றது. பிசினஸ், முதல் வகுப்புப் பயணிகள் இதில் வருவார்கள். ஆனால் பிசினஸ் டிக்கெட் என்றாலே லவுஞ்ச் உண்டு என்று எழுதிவிடாதீர்கள். எமிரேட்ஸ் 2019-ல் லவுஞ்ச் இல்லாத மலிவு பிசினஸ் கட்டணத்தைக் கொண்டுவந்தது. கத்தார் ஏர்வேஸும் பின்னியரும் அதே வழியில் போயின. டிக்கெட் வாங்கும் திரையிலேயே தெளிவாகச் சொல்லியிருந்தால் இது நேர்மையான வழி என்றுதான் நினைக்கிறேன். வேண்டாதவர் காசு கொடுக்கவேண்டாம், நாற்காலியும் மிஞ்சும்.

இரண்டாவது, கூட்டணி கொடுத்த வாக்கு. இதை நீங்கள் தனியாக மாற்ற முடியாது. ஏர் இந்தியா 2014-ல் ஸ்டார் அலையன்ஸில் சேர்ந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் கோல்டு வாங்கிய ஒருவர் ஏர் இந்தியாவில் எகானமியில் பறந்தாலும் அவருக்கும், கூட வரும் ஒருவருக்கும் லவுஞ்ச் உரிமை உண்டு. ஒன்வேர்ல்டு என்ற இன்னொரு கூட்டணியில் லவுஞ்ச் உரிமை உள்ளவை சபையர், எமரால்டு என்று இரண்டு படி. எமரால்டுக்கு முதல் வகுப்பு லவுஞ்சும் திறக்கும். மூன்றாவது கூட்டணியான ஸ்கைடீமில் எலைட் பிளஸ் என்ற படியில் இருப்பவருக்கு வெளிநாட்டுப் பயணம் இருக்கவேண்டும். வாசலில் நிற்பவர் இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வது தினமும் நடக்கும்.

இதில் கவனிக்கவேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. யுனைடெட் நிறுவனத்தின் சொந்த கோல்டு உறுப்பினர் அமெரிக்காவுக்குள்ளேயே பறந்தால் அந்த நிறுவனத்தின் லவுஞ்சுக்குள் அந்தத் தகுதியை வைத்து நுழையமுடியாது. அதே ஸ்டார் அலையன்ஸில் உள்ள வேறொரு நிறுவனத்தின் கோல்டு உறுப்பினர் அதே விமானத்தில் போனால் நுழையலாம். கேட்க விசித்திரமாக இருக்கும். காரணம் எளிது, சொந்த உறுப்பினர்கள் சொந்த ஊரில் ஏராளம், விருந்தாளிகள் கொஞ்சம். எண்ணிக்கையைப் பார்த்து எழுதிய விதி இது.

மூன்றாவது, உங்கள் சொந்த உறுப்பினர் திட்டம். நான்காவது, வங்கிக் கார்டு. இதில் தலைக்கு இவ்வளவு என்று வங்கி கொடுக்கிறது, கார்டு வைத்திருப்பவர் இலவசம் என்று நினைத்துக்கொண்டு வருகிறார். ஐந்தாவது, வாசலில் காசு வாங்கிக்கொண்டு விடுவது.

ஆறாவதை யாரும் எழுதமாட்டார்கள், நான் எழுதச் சொல்வேன்: தெரிந்தவர்கள். அதிகாரியின் மச்சினர், நம் நிறுவனத்திலேயே வேலை பார்த்துவிட்டு ஊருக்குப் போகிறவர், ‘சார் சொன்னார்’ என்று வருகிறவர். ஒரு மாதம் உண்மையாக எண்ணிப் பாருங்கள். நான் எண்ணிய இடத்தில், காசு வாங்கிக்கொண்டு விட்டவர்களைவிட இவர்கள் அதிகம் இருந்தார்கள்.

3. கூட வருபவர்களைத் தனியாக எண்ணுங்கள்

கோல்டு அப்பா, அவர் மனைவி, பாட்டி, இரண்டு பிள்ளைகள். விதிப்படி அப்பாவும் இன்னொருவரும் உள்ளே போகலாம். மீதி மூன்று பேர்? வாசலில் ஒரு குடும்பத்தைப் பிரித்து நிறுத்துவதைப் போல மோசமான வேலை இந்தத் தொழிலில் கிடையாது. பாட்டியை உள்ளே அனுப்பிவிட்டு அப்பா வெளியே நிற்பார். அம்மா பிள்ளைகளோடு வெளியே நிற்பார். கடைசியில் எல்லோரும் வெளியே போய்விடுவார்கள், கோபத்தோடு.

‘ஒவ்வொரு முறையும் இரண்டு பேர்’ என்பதைவிட ‘வருடத்துக்கு இத்தனை கூப்பன்’ என்று உங்கள் சொந்த உறுப்பினர்களுக்குக் கொடுங்கள். தனியாகவே பறக்கிற ஆள் அதைத் தொடமாட்டார். குடும்பத்தோடு வருகிறவர் வருடத்தில் ஒருநாள் நாலைந்தைச் சேர்த்துக் கிழித்துக் கொடுப்பார். நாற்காலிக் கணக்கு ஒன்றுதான், ஆனால் யாரும் பிரிய வேண்டியதில்லை. கூட்டணி கொடுத்த ‘கூட ஒருவர்’ என்பதை மட்டும் இதில் கலக்காதீர்கள், அது அப்படியே நிற்கும்.

கைக்குழந்தைக்குக் கணக்கு வேண்டாம். தள்ளுவண்டிக்குக் கணக்கு வேண்டும். அது ஒரு நாற்காலி இடத்தைப் பிடிக்கும்.

4. நேர வரம்பைக் கூட்டமான மணிகளுக்கு மட்டும் வையுங்கள்

அமெரிக்காவின் டெல்டா 2022-ல், புறப்பாட்டுக்கு 3 மணி நேரத்துக்கு முன் லவுஞ்சுக்குள் விடுவதில்லை என்று விதி போட்டது. விமானம் மாறுகிறவர்களுக்கு விலக்கு. பல லவுஞ்சுகளில் இப்போது இதுதான் வழக்கம். விதியில் தப்பில்லை. அதை எல்லா நேரத்துக்கும் ஒரே மாதிரி போடுவதுதான் தப்பு.

ஒரு நவம்பர் மாதம், அப்பாவைக் கூட்டிக்கொண்டு பிசினஸ் டிக்கெட்டில் கிளம்பினேன். விமானம் மாலை 4 மணிக்கு. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. அந்த மாதத்தில் பர்லியார் பக்கம் எப்போது மண் சரியும், எப்போது மரம் விழும் என்று சொல்ல முடியாது. குன்னூர் ரோடு அடைத்துவிட்டால் கோத்தகிரி வழியாகச் சுற்றவேண்டும். அதனால் மலைக்காரர்கள் எல்லோரும் செய்வதைப் போல நாங்களும் காலை ஏழரைக்கே வண்டி ஏறினோம். அன்று பார்த்து ஒரு கல்கூட விழவில்லை. பதினொன்றுக்கு விமான நிலையம். வீட்டிலேயே செக்-இன் செய்திருந்தோம், கைப்பை மட்டும்தான். லவுஞ்ச் வாசலில் ஒரு பையன் மரியாதையாக, “ஒரு மணிக்கு வாங்க மேடம்” என்றான். அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தேன். உள்ளே பத்துப் பேர் இருந்தால் அதிகம். அப்பா 2 மணி நேரம் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் உள்ளே போன நேரம் மதியக் கூட்டமும் வந்து சேர்ந்தது.

அதாவது காலி அறைக்கு வெளியே நிறுத்திவைத்து, நிறைந்த அறைக்குள் அனுப்பினார்கள். அன்று இரவே என் வகுப்புத் தாளில் இந்தப் படியைத் திருத்தி எழுதினேன்.

எனவே அட்டவணையைப் பார்த்து, கூட்டமான மணிகளை முதலில் அடையாளம் காணுங்கள். அந்த மணிகளுக்கு மட்டும் வரம்பு. மற்ற நேரத்தில் சீக்கிரம் வருகிறவரை விட்டுவிடுங்கள். ஆனால் கூட்டம் தொடங்கும் மணியை உள்ளே வரும்போதே அவருக்குச் சொல்லிவிடுங்கள். தூரத்திலிருந்து வருகிறவர், ரோட்டை நம்ப முடியாதவர், ரயிலோ பஸ்ஸோ ஒன்றே ஒன்று இருப்பவர், இவர்கள்தான் சீக்கிரம் வருகிறார்கள். பணக்காரத் திமிரில் யாரும் 5 மணி நேரம் முன்னதாக வருவதில்லை.

விமானம் மாறுகிறவர் தனி வகை. அவருக்கு 7 மணி நேரம் காத்திருப்பு என்றால் போக வேறு இடமில்லை. அவரை விடுங்கள், ஆனால் அவர் பெயரில் 7 நாற்காலி-மணியைக் கணக்கில் எழுதுங்கள். பிள்ளைகள் இதைத்தான் மறப்பார்கள். ‘விலக்கு’ என்று எழுதியதும் அவர் கணக்கிலிருந்தே காணாமல் போய்விடுவார்.

5. இப்போது வரிசை: யாரை முதலில் நிறுத்துவது

மேலிருந்து கீழே எழுதாதீர்கள், கீழிருந்து மேலே எழுதுங்கள். வாசலில் நிற்பவருக்குத் தெரியவேண்டியது, அடுத்து எந்தக் கதவைச் சாத்துவது என்பதுதான்.

என் வரிசை இது. அறை 70 பேரைத் தொட்டதும் காசு வாங்கிக்கொண்டு விடுவதை நிறுத்துங்கள். இதில் யாருக்கும் முன்கூட்டி வாக்குக் கொடுக்கவில்லை. அதோடு சேர்த்து ‘தெரிந்தவர்களையும்’. அடுத்தது வங்கிக் கார்டு. அதற்கு அடுத்தது கூப்பனில் கூட வருபவர்கள். இவ்வளவும் நிறுத்திய பிறகும் இடமில்லை என்றால்தான் சொந்த உறுப்பினர்களுக்குக் காத்திருப்போர் பட்டியல். பிசினஸ் டிக்கெட்காரரை நிறுத்தவே கூடாது. நிறுத்தும்படி ஆனால் உங்கள் முதல் படிக் கணக்கு தப்பு.

கேத்தியிலிருந்து வரும் பெண் ஒருத்தி இந்த இடத்தில் விடாமல் கேட்டாள். “வருசத்துக்கு நாற்பது தடவை பறக்கிற கோல்டு ஆளை நிறுத்திட்டு, ஆயுசுல ஒரே தடவை பிசினஸ்ல போறவரை விடறது நியாயமாக்கா?” நல்ல கேள்வி. விற்பனைப் பிரிவு முழுக்க அவள் பக்கம்தான் நிற்கும். நான் டிக்கெட் பக்கம். கோல்டு ஆள் அடுத்த வாரமும் வருவார். இன்று காத்திருக்க வைத்ததற்கு அடுத்த வாரம் ஈடு செய்யமுடியும், பாயின்ட்டாகவோ கூப்பனாகவோ. ஒரே தடவை போகிறவருக்கு ஈடு செய்ய அடுத்த வாரம் என்று ஒன்று கிடையாது. அதோடு, அவர் கொடுத்த கட்டணத்தில் அந்த நாற்காலிக்கும் சேர்த்துக் காசு இருக்கிறது. அவள் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

கூட்டணி உறுப்பினரும் சொந்த உறுப்பினரும் ஒரே நிலையில் இருக்கட்டும். விருந்தாளியை நிறுத்திவிட்டு நம்மவரை விட்டால் பங்காளி நிறுவனத்திலிருந்து கடிதம் வரும். பதிலுக்கு நம் ஆட்கள் அவர்கள் ஊரில் வாசலில் நிற்பார்கள்.

வாசலுக்குப் பக்கத்தில் 4 நாற்காலியை மட்டும் எந்த வகையிலும் சேர்க்காமல் வையுங்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர், உடம்பு முடியாதவர், பால் கொடுக்கிற அம்மா. மேற்பார்வையாளர் தன் பொறுப்பில் விடலாம், ஆனால் ஏன் விட்டார் என்று ஒரு வரி எழுதவேண்டும். அந்த ஒரு வரி இல்லையென்றால் இரண்டே வாரத்தில் அந்த நாற்காலிகளில் அதிகாரியின் மச்சினர் உட்கார்ந்திருப்பார்.

6. சுவர் எழுப்புவது பற்றி

அறையை இரண்டாகப் பிரித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று சிலர் நினைப்பார்கள். சிங்கப்பூர் சாங்கியின் மூன்றாம் முனையத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அப்படித்தான் வைத்திருக்கிறது. எகானமியில் போகும் கோல்டு உறுப்பினருக்கு ஒரு லவுஞ்ச், பிசினஸுக்கு ஒன்று, முதல் வகுப்புக்கு ஒன்று, அதற்கும் மேலே ஒரு தனியறை. தங்கள் விமானங்களே நாள் முழுக்கக் கிளம்பிக்கொண்டிருக்கும் இடத்தில் அது ஓடும்.

ஒரு நாளைக்கு நாலைந்து விமானம் மட்டும் உள்ள ஊரில் செய்யாதீர்கள். சுவருக்கு ஒரு பக்கம் 12 நாற்காலி காலியாகவும், மறுபக்கம் ஆட்கள் நின்றுகொண்டும் இருப்பார்கள். தள்ளி வைக்கக்கூடிய செடித்தொட்டி வரிசை போதும்.

7. அவரைக்கொட்டை வைத்து ஒத்திகை பாருங்கள்

வகுப்பில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். ஒரு சார்ட் பேப்பரில் மாலை 5 முதல் 10 வரை அரை மணிக்கு ஒரு கட்டம், மொத்தம் 10 கட்டம். காய்ந்த அவரைக்கொட்டை பிசினஸ், மொச்சை கோல்டு, கொண்டைக்கடலை கூட வருபவர், துவரை வங்கிக் கார்டு. ஒவ்வொரு விமானத்துக்கும் யார் எப்போது வருவார்கள் என்று பதிவைப் பார்த்துக் கொட்டையை வைத்துக்கொண்டே போகவேண்டும்.

தொண்ணூறு சதவீதம் பேர் செய்யும் தப்பு, வந்த கட்டத்தில் மட்டும் ஒரு கொட்டையை வைப்பது. வந்தவர் ஒன்றரை மணி நேரம் இருப்பார் என்றால் மூன்று கட்டத்திலும் ஒவ்வொரு கொட்டை வேண்டும். இதைச் சொல்லித் திருத்த வைத்ததும், ஏழரை மணிக் கட்டத்தில் கொட்டை குவிந்து பக்கத்துக் கட்டத்துக்கு உருள ஆரம்பிக்கும். அப்போதுதான் கூட்டம் என்றால் என்னவென்று அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது. கம்ப்யூட்டரில் அதே கணக்கைப் போட்டுக் காட்டியிருக்கிறேன், ஒருவர் முகத்திலும் மாற்றம் இல்லை.

குவிந்த கட்டத்திலிருந்து ஐந்தாம் படி வரிசைப்படி கொட்டையை எடுங்கள். முதலில் துவரை, அப்புறம் கொண்டைக்கடலை. 80-க்குக் கீழே வரும்வரை. எடுத்ததைத் தூக்கிப் போடாமல் ஒரு தட்டில் வையுங்கள், அந்தத் தட்டு பத்தாம் படிக்கு வேண்டும்.

அடுத்து, ஒரு விமானத்தை 2 மணி நேரம் தாமதப்படுத்துங்கள். அதன் கொட்டைகள் எல்லாம் இன்னும் 4 கட்டத்துக்கு நீளும். உங்கள் பட்டியல் இதற்கும் தாங்குகிறதா? பெரும்பாலும் தாங்காது. தாமத அறிவிப்பு வந்த நிமிடமே, அறை 70-ஐத் தொடக் காத்திருக்காமல், காசு வாங்கி விடுவதையும் கார்டையும் மூடவேண்டும் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

8. மலை ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள்

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு போட்டார்கள். உள்ளூர் வண்டிக்கும் அரசு பஸ்ஸுக்கும் விலக்கு. பங்கு போடுகிறவர்கள் இதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. முதலில் மொத்த எண், அப்புறம் விலக்குப் பட்டியல், அப்புறம் மற்றவர்கள். ஆனால் கல்லாறு சோதனைச் சாவடியில் நின்று பார்த்திருந்தால் இன்னொன்றும் தெரியும். வீட்டில் இருக்கும்போதே பாஸ் இல்லை என்று தெரிந்துகொண்டவர் வேறு ஊருக்குப் போயிருப்பார். அவ்வளவு தூரம் ஓட்டி வந்து சாவடியில் தெரிந்துகொண்டவர்தான் சண்டை போட்டுக்கொண்டு நிற்பார்.

லவுஞ்சில் சாவடி என்பது வாசல். செக்-இன் செய்யும் நேரத்திலேயே, போனுக்கு வரும் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள். ‘இட வசதியைப் பொறுத்து அனுமதிக்கப்படும்’ என்று எழுதாதீர்கள், அதில் ஒரு தகவலும் இல்லை. இப்படி எழுதுங்கள்: ‘இன்று மாலை 6 முதல் 9 வரை வங்கிக் கார்டில் அனுமதி இல்லை. 6 மணிக்கு முன் வந்தால் இடம் இருக்கும்.’ படித்தவர் என்ன செய்யவேண்டும் என்று தெரிந்துகொள்வார், சிலர் நேரத்தை மாற்றிக்கொள்ளவும் செய்வார்கள்.

கொடுத்த உரிமையைக் குறைப்பதானால் இன்னும் முன்னதாகச் சொல்லவேண்டும். டெல்டா 2023 செப்டம்பரில் கார்டுதாரர்களுக்கு, கார்டைப் பொறுத்து வருடத்துக்கு 6 தடவை, 10 தடவை என்று வரம்பு அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த மாதமே 10, 15 என்று ஏற்றியது. வருடத்துக்கு 75,000 டாலர் கார்டில் செலவு செய்பவருக்கு வரம்பு கிடையாது. நடைமுறைக்கு வந்தது 2025 பிப்ரவரியில்தான், ஒரு வருடத்துக்கும் மேல் இடைவெளி விட்டு. இந்தியாவில் வங்கிகள் வேறு வழியில் போயின. முந்தைய காலாண்டில் குறிப்பிட்ட தொகை செலவு செய்திருக்கவேண்டும் என்றார்கள். ஐசிஐசிஐ பல கார்டுகளுக்கு 2024 ஏப்ரலில் 35,000 ரூபாய் என்று வைத்து, நவம்பரில் 75,000 ஆக்கியது. செலவை வைத்து வடிகட்டினால் வருடத்து மொத்தக் கூட்டம் குறையும். சனிக்கிழமை ஏழரை மணிக் கூட்டம் குறையுமா என்பது வேறு கேள்வி. உங்கள் பிரச்சினை அந்த ஏழரை மணி என்றால் தடவையையும் செலவையும் விட்டுவிட்டு மணியைப் பிடியுங்கள்.

9. வாசலில் நிற்பவருக்கு ஒரே ஒரு தாள்

ஒப்பந்தங்களை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். ஒரு தாளில் மூன்று நிறம். பச்சை: எப்போதும் உள்ளே. மஞ்சள்: கூட்டமான மணியில் பெயர் எழுதி, போன் நம்பர் வாங்கி, இடம் வந்ததும் கூப்பிடு. சிவப்பு: கூட்டமான மணியில் இல்லை, இந்தச் சாப்பாட்டுக் கூப்பனைக் கொடு. அவ்வளவுதான்.

‘இல்லை’ என்று தொடங்காதீர்கள், மணியைச் சொல்லுங்கள். “எட்டு நாற்பதுக்கு இடம் வருது சார், நானே கூப்பிடறேன்” என்றால் பெரும்பாலும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் எட்டு நாற்பதுக்குக் கூப்பிடவேண்டும். கூப்பிடாவிட்டால் அந்த ஆள் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு வருவார்.

ஒருவரை நிறுத்திவிட்டு, அவர் கண் முன்னால் அதே நிறத்தில் இன்னொருவரை விடாதீர்கள். ஒரு தடவை விட்டால் தாளைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

10. முதல் மாதம்

அரை மணிக்கு ஒருமுறை ஒருவர் அறையைச் சுற்றிவந்து காலி நாற்காலியை எண்ணி எழுதட்டும். வாசலில் திருப்பி அனுப்பியவர்களை வகைவாரியாக எழுதட்டும். மாதக் கடைசியில் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே அரை மணியில் 15 நாற்காலி காலி, 20 பேரைத் திருப்பி அனுப்பினோம் என்று இருந்தால் வரம்பு இறுக்கம், 70-ஐ 75 ஆக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

அப்புறம் அந்தத் தட்டு. ஏழாம் படியில் எடுத்து வைத்த கொட்டைகள். அவர்கள் எங்கே போய் உட்காருவார்கள் என்று வகுப்பில் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. தாளைவிட்டு வெளியே போனவர்களை யாரும் வரைந்திருக்கமாட்டார்கள். போன மாதம் கேத்திப் பெண் மட்டும் சார்ட் பேப்பரின் ஓரத்தில், லவுஞ்ச் வாசலுக்கு வெளியே, நீளமாக ஒரு பெஞ்ச் வரைந்திருந்தாள். பெஞ்சுக்குக் கீழே நான்கு சின்னக் கட்டம். என்னவென்று கேட்டேன். “சார்ஜர் சொருக பிளக்குக்கா” என்றாள். தட்டிலிருந்த துவரையை எடுத்து ஒவ்வொன்றாக அந்தப் பெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தாள்.